எந்தப் பக்கம் சேர்த்தால் முடிப்பாள்?

கேள்வி: வடகரப்பதி (பாலக்காடு மாவட்டம், கேரள எல்லை) வாசகர், 2025 மே 29

மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ தேறியிருக்கிறாள். தமிழ்வழிப் பள்ளி. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 47 பேர் கல்லூரிக்குப் போகிறார்கள், கேரளத்தில் 41 பேர்தான் என்று படித்தேன். அப்படியானால் கோயம்புத்தூர்ப் பக்கம் சேர்ப்பதுதானே நல்லது? என் அண்ணன் மகன் இங்கே சேர்ந்து ஒரே வருடத்தில் நின்றுவிட்டான். இவளும் அப்படி ஆகிவிடக் கூடாது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2025 மே 30

அந்த 47ஐயும் 41ஐயும் வைத்துக்கொண்டு மகளைச் சேர்க்காதீர்கள். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கையில் உள்ள எண்கள் அவை: தமிழ்நாடு 47, கேரளம் 41.3, நாடு முழுவதற்கும் 28.4. கல்லூரியில் பெயர் இருப்பவர்களை எண்ணி, 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகையால் வகுத்திருக்கிறார்கள். எத்தனை பேர் முடித்தார்கள் என்பது இந்த எண்ணில் வராது. கல்யாண மண்டப வாசலில் சந்தனம் நீட்டுகிறவரிடம் போய், பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

இன்னொன்று. நம் பிள்ளை எல்லையிலுள்ள வாளையார் தாண்டி கோயம்புத்தூரில் சேர்ந்தால் அந்தத் தலை தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறும். கல்லூரி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் எண்ணுவார்கள். வகுக்கிற மக்கள்தொகையில் மட்டும் அவள் கேரளத்துக்காரி. நம் தாலுகா பிள்ளைகளே அந்த 47ஐக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் 26 வருடம் குமாஸ்தாவாக இருந்தேன், கடைசிப் 12 வருடம் டி.சி. மேசை. 2023இல் ஓய்வு. கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள்.

2025 மே 30, இரவு

ஒருவர் திருத்தியிருக்கிறார். "நூற்றுக்கு 47 பேர்" என்பதே தவறாம். மேலே எண்ணுகிற தலைகளில் வயது பார்ப்பதில்லை. முப்பது வயதில் எம்.ஏ. சேர்ந்தவரும் மேலே இருப்பார், கீழே வகுக்கும் எண்ணிக்கையில் இருக்க மாட்டார். சரிதான். கேட்டவர் எழுதியதை நானும் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன்.

2025 ஜூன் 2

அண்ணன் மகன் ஏன் நின்றான் என்று வீட்டில் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். அலுவலகத்தில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். அலுவலகத்துப் பதில் எப்படித் தயாராகிறது என்பது எனக்குத் தெரியும். தயாரித்தவன் நான்.

டி.சி. விண்ணப்பத்தில் "விலகுவதற்கான காரணம்" என்று ஒரு வரி உண்டு, விரல் நீளம் இடம். ஏறக்குறைய எல்லோரும் "மேற்படிப்பு" என்று எழுதுவார்கள். முதல் வருடத்தில் இரண்டு தாள் தோற்று பாதியில் போகிறவனுக்கு என்ன மேற்படிப்பு? முன்னால் நிற்பவன் எழுதியதைப் பார்த்து இவனும் எழுதுவான். நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: "தம்பி, மேற்படிப்பு என்று போடு. வேறு எதையாவது எழுதினால் பிரின்சிபால் உள்ளே கூப்பிட்டுக் கேட்பார்." எதிரே நிற்கிற அப்பாவின் கை சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கும். உண்மையைக் கேட்க எனக்கும் நேரமில்லை, சொல்ல அவருக்கும் மனமில்லை.

அந்த விண்ணப்பம்கூட எழுதாமல் போகிறவர்கள்தான் அதிகம். பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட் விழும். திங்கள் வராதவன் புதன் வருவான். இன்டர்னல் தேர்வுக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஆச்சரியப்படுத்துவான். ஓணம் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தால் வர மாட்டான். பிறகு ஒருநாள் யாராவது சிவப்பு மையில் பெயரை அடித்து ஓரத்தில் தேதி போடுவார்கள். அது ஆசிரியருக்கு நேரம் கிடைத்த தேதி. அவன் போன தேதி என்று ஒன்று கிடையாது. பேருந்து நிலையத்தில் கூட்டாளியிடம் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்ன ஏதோ ஒரு சாயங்காலம் கடைசியாகிவிடுகிறது, அவனுக்கே தெரியாமல்.

அதனால் "முதல் வருடத்தில் இத்தனை பேர், இரண்டாம் வருடத்தில் இத்தனை பேர் நின்றார்கள்" என்று எந்தக் கல்லூரி சொன்னாலும், அது சிவப்பு மை விழுந்த தேதியா என்றுதான் நான் கேட்பேன்.

ஒன்று மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். கவுன்டருக்கு வந்த ஒரு பிள்ளையையும் நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை.

2025 ஜூன் 3

படிப்பைப் பாதியில் விடுவதற்குத் தமிழில் அரசாங்கம் வைத்திருக்கும் சொல் இடைநிற்றல். மலையாளத்தில் கொழிஞ்ஞுபோக்கு. இலை, பல், முடி எல்லாம் உதிர்வதற்கு அங்கே அந்தச் சொல்தான். தமிழில் பிள்ளை நடுவழியில் நிற்கிறான், மலையாளத்தில் உதிர்ந்துவிட்டான். நிற்கிறவனைக் கூப்பிட்டுப் பார்க்கலாம், உதிர்ந்ததை ஒட்ட வைக்க முடியாது. நாம் இருப்பதோ கொழிஞ்சாம்பாறை. ஊர்ப் பெயரிலேயே உதிர்வு.

2025 ஜூன் 4

போதும், விட்டுவிடுங்கள். ஐந்து பேர் திருத்திவிட்டீர்கள். கொழிஞ்சி என்பது வயலில் மடக்கி உழுகிற பச்சை உரச் செடி, உதிர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விவசாயி வீட்டில் பிறந்தவன் எழுதுகிற வேடிக்கையா இது என்று வேலந்தாவளத்துக்காரர் கேட்கிறார். எங்கள் அப்பாவும் இதையேதான் கேட்டிருப்பார்.

2025 ஜூன் 9

இப்போது மொழி. தமிழ்ப் பிள்ளைகள் நிற்பதற்கு முதல் காரணம் மொழிதான் என்பது என் எண்ணம்.

பாலக்காடு மலபாரோடு சேர்ந்து சென்னை மாகாணத்தில் இருந்தது, சித்தூர் கொச்சி ராஜாவிடம் இருந்தது. 1956 நவம்பரில் கோடு போட்டபோது இரண்டும் கேரளத்துக்கு வந்தன. எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி பக்கம் வீட்டிலும் கடையிலும் இன்றுவரை தமிழ். பள்ளியும் தமிழ்வழி உண்டு. பிள்ளை பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் வருகிறது. பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில். பேசுகிற மலையாளம் நம் பிள்ளைகளுக்குப் புரியும், தெருவில் கேட்டு வளர்ந்ததுதான். ஆனால் ஆசிரியர் கரும்பலகையில் நான்கு வரி மலையாளத்தில் எழுதினால் படிக்க வராது. பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கக் கூச்சம். நோட்டீஸ் பலகையில் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி மலையாளத்தில் ஒட்டியிருக்கும். நான் பார்த்திருக்கிறேன், ஒரு பெண் அந்தத் தாளுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றாள். எண்களை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள். 18 என்று எழுதியிருந்தது கட்டணமா தேதியா என்று வந்து கேட்டாள்.

சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. 1947இல் தொடங்கிய கல்லூரி. தமிழ் எடுத்தவர்களுக்கு அது தாய்வீடு. பி.காம். எடுத்தவர்களுக்கு?

2025 ஜூன் 9, மீண்டும்

அந்தக் கல்லூரி சோகநாசினி ஆற்றங்கரையில் இருக்கிறது. சோகத்தை அழிக்கும் ஆறு. தாள் தோற்றவர்கள் முங்கி எழுந்தால் போதும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிக்கொள்வோம். நான் வேலை பார்த்தது அந்தக் கல்லூரியில்லை. எங்களுக்கு முங்கி எழக் கிணறுகூட இல்லை.

2025 ஜூன் 11

இரண்டு நாளாக யோசித்தேன். மொழி என்று எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

மொழி மட்டும் காரணமானால் மலையாளப் பிள்ளைகள் நிற்கக் கூடாது. நின்றார்கள். நான் பெயர் அடித்த பதிவேடுகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்தால் ஆப்சென்ட் குவிகிற மாதம்தான் கண்ணில் நிற்கிறது: ஜனவரி, பிப்ரவரி, மார்ச். முதலமடை மாங்காய்க் காலம். நாட்டிலேயே முந்திக் காய்க்கிற மாங்காய் என்று டெல்லி வரை போகும். பறிக்க ஆள் வேண்டும், தரம் பிரிக்க ஆள் வேண்டும், பெட்டியில் அடுக்க ஆள் வேண்டும். பதினெட்டு வயதுப் பையனுக்கு அன்றைய கூலி அன்றைக்கே கையில் வருகிறது. பால் பட்டுக் கருத்த விரல்களோடு பிப்ரவரியில் தேர்வு விண்ணப்பம் நிரப்ப வருவார்கள். எந்த மொழிப் பையன் என்று விரலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிறகு கள் வண்டி. கேரளத்தின் தெற்கு மாவட்டங்கள் வரை குடிக்கிற கள்ளில் பெரும்பகுதி சித்தூர்த் தோப்புகளிலிருந்து போவது. விடியுமுன் கேன்களை ஏற்றி வண்டி கிளம்ப வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து கேன் ஏற்றிவிட்டு, குளித்து, பத்து மணி வகுப்பில் உட்காருகிற பையனுக்குத் தூக்கம் வராமல் என்ன வரும்? "படிப்பில் ஆர்வமில்லை" என்று ஆசிரியர் எழுதுவார். ஆர்வம் இருந்தது, கண் திறக்கவில்லை.

75 சதவீதம் வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கட்டணம் கட்டி மன்னிப்பு வாங்கலாம், கண்டோனேஷன் என்பார்கள். மாங்காய்க்குப் போனதால் வருகை குறைந்தது. அந்த மன்னிப்புக்குக் கட்டப் பணம் வேண்டும், அதற்கு மறுபடியும் மாங்காய். இந்தச் சுழலில் சிக்கியவர்களை நான் நிறையப் பார்த்தேன்.

2025 ஜூன் 15

"அமெரிக்காவிலேயே பாதிப் பேர் முடிப்பதில்லை, நாம் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்" என்று ஒருவர் கேட்கிறார். பாதி இல்லை. அங்கே 2014இல் நான்கு வருடப் படிப்பில் முதல்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் 6 வருடத்துக்குள் சேர்ந்த கல்லூரியிலேயே முடித்தார்கள். ஏன் 6 வருடம்? 1990இல் ஒரு சட்டம் போட்டார்கள், ஒவ்வொரு கல்லூரியும் முடித்தவர் விகிதத்தை வெளியிட வேண்டும் என்று. படிப்புக் காலத்தில் ஒன்றரை மடங்கு வரை அவகாசம். அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. வேறு கல்லூரிக்கு மாறி அங்கே பட்டம் வாங்கியவர் முதல் கல்லூரியின் ஏட்டில் முடிக்காதவர்தான். நம் ஊரில் அலாட்மென்ட் வந்து சேர்ந்துவிட்டு, மேல் விருப்பம் கிடைத்ததும் டி.சி. வாங்கிப் போகிறவர்களும் எங்கள் பதிவேட்டில் அதே சிவப்பு மைதான். வசதியான பிள்ளை நகர்ந்ததும் வசதியில்லாத பிள்ளை நின்றதும் ஒரே நிறம்.

ஆனால் அவர்கள் எண்ணுகிறார்கள், யோசிக்கிறார்கள். வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் 1975இல் ஒரு விளக்கம் சொன்னார். மாணவன் கல்லூரியின் படிப்பு வாழ்க்கையிலும் கூட்டு வாழ்க்கையிலும் ஒட்டிக்கொண்டால் தங்குவான், ஒட்டாவிட்டால் கழன்றுபோவான் என்று. இதை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? தற்கொலை பற்றி 1897இல் எமில் துர்கைம் செய்த ஆராய்ச்சியிலிருந்து. சமூகத்தோடு பிடிப்பு அறுந்தவர்கள் உயிரை விடுகிறார்கள் என்பது அது. கல்லூரியை விடுவதை உயிரை விடுவதோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் படித்தபோது சிரித்தேன். அடுத்த நாள் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அதில் ஒரு சண்டை உண்டு. கூட்டு வாழ்க்கை என்பது விடுதியில் தங்குகிறவனுக்கு. நம் பிள்ளை 3.45க்கு மணி அடித்தால் 4 மணி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அவள் யாரோடு எங்கே ஒட்டுவாள்? பீன், மெட்ஸ்னர் என்ற இருவர் 1985இல் இதைத்தான் எழுதினார்கள்: வீட்டிலிருந்து வந்துபோகிற, வேலை செய்கிற மாணவருக்குப் பணம், வேலை நேரம், குடும்பம் என்ற வெளிக்காரணங்களே பெரிது என்று. இவர்கள் கள் வண்டியைப் பார்த்ததில்லை. பார்த்தது போலவே எழுதியிருக்கிறார்கள்.

2025 ஜூன் 16

பஸ் என்றதும் எல்லோருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. பதினான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒன்பது பேர் கண்டக்டரைத் திட்டி.

இந்தப் பக்கம் தனியார் பஸ்ஸில் மாணவர் சலுகைக் கட்டணம் 1 ரூபாயில் தொடங்குகிறது. அதை உயர்த்தச் சொல்லி முதலாளிகள் போராடுகிறார்கள். சலுகைப் பிள்ளைகள் பத்துப் பேர் நிற்கிற இடத்தில் பஸ் பத்தடி தள்ளிப் போய் நிற்கும், முழு டிக்கெட் ஏறியதும் கிளம்பும். எல்லைக்கு அந்தப் பக்கம் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயண அட்டை. ஆனால் ஒரு மாநிலத்து அட்டையை அடுத்த மாநிலத்து கண்டக்டரிடம் நீட்ட முடியாது. வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ இறங்கி, நடந்து, அடுத்த வண்டி. இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதில்லை, கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி. முதல் வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தால் முதல் பீரியட் போயிற்று. வாரத்தில் இரண்டு முதல் பீரியட் என்று வைத்துக்கொண்டு செமஸ்டருக்குக் கணக்குப் போடுங்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டு வருடக் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. கட்டணத்தில் துண்டு விழுந்ததை அவர்களே கட்டினார்கள், புத்தகம் கொடுத்தார்கள், ஒவ்வொரு மாணவருக்கும் அடிக்கடி சந்திக்க ஓர் ஆலோசகர். அதோடு நகர ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பயண அட்டை. ஆலோசகரை வந்து பார்த்தால்தான் அட்டை! குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். 3 வருடத்தில் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், இல்லாதவர்களில் 22. புத்தி ஒன்றுதான், பின்னணி ஒன்றுதான்.

2025 ஜூன் 19

உதவித்தொகை கேட்டவருக்கு. தமிழ்நாட்டின் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9, கோயம்புத்தூரிலேயே வைத்துத் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை. எந்த அரசு? தமிழ்நாட்டு அரசு. வடகரப்பதிப் பள்ளியில் தமிழிலேயே படித்த பெண் பொள்ளாச்சியில் சேர்ந்தாலும் அவளுக்கு இல்லை. பக்கத்தில் உட்காரும் ஆனைமலைப் பெண்ணுக்கு உண்டு. நான் சொல்வது குறையில்லை, அவர்கள் பணம் அவர்கள் பிள்ளைகளுக்கு. கணக்குப் போடும்போது அந்த ஆயிரத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.

2025 ஜூன் 22

தோற்ற தாளுக்கு அந்தப் பக்கம் அரியர், இந்தப் பக்கம் சப்ளி. அரியர் என்றால் பாக்கி. அந்தச் சொல்லில் ஒரு கடன்காரன் நிற்கிறான். சப்ளி என்றால் இன்னொரு வாய்ப்பு என்றாவது காதில் விழுகிறது. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம் அரியர் தேர்ச்சி என்று அறிவித்தபோது எங்கள் பையன்கள் வந்து "சார், சப்ளிக்கும் உண்டா?" என்று கேட்டார்கள். எல்லைக்கு அப்பால் போய்த் தோற்றிருக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த அறிவிப்பும் பிறகு நீதிமன்றம் ஏறியது.

2025 ஜூலை 1

இன்று எங்கள் தெருப் பிள்ளை ஒன்று புதுக் குடையோடு கல்லூரிக்குப் போயிற்று. போன வருடம் இதே தேதியில்தான் கேரளத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பு தொடங்கியது. மூன்று வருடம் முடித்துப் பட்டத்தோடு போகலாம், விரும்பினால் நான்காவது வருடம். 2020 தேசியக் கல்விக் கொள்கை இன்னும் தாராளம்: ஒரு வருடத்தில் போனால் சான்றிதழ், இரண்டு வருடத்தில் டிப்ளமா. நின்றுபோனவனுக்கு ஒரு காகிதமாவது மிஞ்சட்டும் என்பது நல்ல எண்ணம்தான். அந்தக் காகிதத்தை நீட்டினால் பொள்ளாச்சியில் எந்தக் கடைக்காரர் வேலை கொடுப்பார் என்று பார்க்க ஆசை.

2025 ஜூலை 6

ஜூன் 2ஆம் தேதி எழுதியதில் ஒரு வரியை எடுத்துவிட வேண்டும். திருத்த முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் என் மேசைக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற இரும்பு அலமாரி. கீழ்த்தட்டில் பழுப்பு உறைகள், வருடம் வாரியாகச் சணல் கயிற்றில் கட்டியவை. சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல்கள்: எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல், பள்ளி டி.சி. முடித்தவர்கள் வாங்கிப் போய்விடுவார்கள். நின்றவர்களுடையது அங்கேயே இருக்கும். கரையான் வராமல் இருக்க வேப்பிலை போட்டு வைத்திருந்தேன். ஓய்வுக்கு முந்தைய மாதம், அடுத்து வருகிறவருக்குச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று உறைகளில் எழுதியிருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி செய்தேன். பெரும்பாலும் உபயோகத்தில் இல்லாத எண்கள். ஓர் அம்மா, "அவன் படிப்பு முடிந்து எவ்வளவோ நாளாயிற்றே" என்றார். முடிக்கவில்லை என்பது வீட்டுக்கே தெரியாது போலிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருவர் மட்டும் மறுநாளே வந்தார். முப்பது வயது, வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பை. 2011இல் பி.காம். சேர்ந்தவர், அடுத்த வருடம் பெயர் அடித்தது நான்தான். வளைகுடாவுக்கு ஓட்டுநர் வேலைக்குப் போக வேண்டுமாம். பத்தாவது தேறிய சான்று காட்டினால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதித் தொல்லை இல்லை. அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வேண்டும்.

"இத்தனை வருடம் ஏன் வரவில்லை?" என்று கேட்டேன்.

"வந்தேனே சார். இரண்டு தடவை வந்தேன். நூலகப் புத்தகத்தைக் கொடுத்து கையெழுத்து வாங்கி வா, பிறகு பேசலாம் என்று சொன்னீர்கள்."

எனக்கு நினைவே இல்லை. சொல்லியிருப்பேன். தினமும் சொல்கிற வாக்கியம் அது. நிலுவை இல்லை என்ற தாளில் நூலகம், விளையாட்டு, துறை என்று ஏழு கையெழுத்து வேண்டும். சேர்வதற்கு இரண்டு போதும்.

அவர் பிளாஸ்டிக் பையைத் திறந்து மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்தார். கணக்கியல் பாடநூல். இரண்டு மடங்கு உப்பியிருந்தது, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி விளிம்பு பழுப்பாகி, அட்டை வெளியே வளைந்திருந்தது. அப்பாவோடு கள் வண்டியில் போகும்போது பையை வண்டியில் வைத்திருக்கிறார். கேன் சாய்ந்துவிட்டது. வெயிலில் காயப்போட்டும் வாடை போகவில்லை. "நூலகத்தில் மேடம் இருப்பார்கள். கள் வாடை அடிக்கிற புத்தகத்தை எப்படி சார் நீட்டுவது? என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" பாடம் பிடித்திருந்ததாம். தொலைதூரக் கல்வியில் சேர்ந்து எழுதிவிடலாம் என்று பார்த்திருக்கிறார், அங்கே ஒரிஜினல் கேட்டிருக்கிறார்கள். ஒரிஜினல் என் அலமாரியில். அலமாரியைத் திறக்கப் புத்தகம். புத்தகத்தில் கள்.

நூலகத்துக்கு நானே எடுத்துப் போனேன். புத்தகத்தின் விலை 90 ரூபாய், தொலைத்தால் இரு மடங்கு, 180. நூலகர் பழைய ஏட்டைப் பார்த்துவிட்டு, போன இருப்புச் சரிபார்ப்பிலேயே அதைக் கழித்து எழுதியாயிற்று, பாக்கி ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டார். புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். பழைய காகித வாடைதான் அடித்தது.

ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பியதில்லை என்று எழுதியவன் நான். திருப்பி அனுப்பினேன், இரண்டு தடவை.

2025 ஜூலை 7

"90 ரூபாய்க்காக யாராவது படிப்பை விடுவார்களா, நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்" என்கிறார் ஒருவர். 90 ரூபாய்க்காக விட்டார் என்று நான் எழுதவில்லை. விட்டது கள் வண்டியால். திரும்பி வர முடியாமல் போனது அந்தப் புத்தகத்தால். இரண்டும் வேறு.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டணத்தில் சிறிய பாக்கிக்காகப் பெயர் அடிபடப் போகிற மாணவர்களைத் தேடி, அவர்கள் கேட்காமலேயே அந்தப் பாக்கியைக் கொடுத்துவிடும் உதவியை 2011இல் தொடங்கினார்கள். விண்ணப்பம் இல்லை. அலுவலகமே கூப்பிட்டுச் சொல்லும். நம் பையன் சேர்ந்த அதே வருடம். நானும் கூப்பிட்டேன், 2023இல்.

சட்டம் தெரிந்த வாசகர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் சொல்லிவிட்டது. நாங்கள் அந்தச் சுற்றறிக்கையையும் கோப்பில் வைத்தோம். அதே அலமாரியின் மேல்தட்டில்.

2025 ஜூலை 12

வடகரப்பதிக்காரர் எழுதியிருக்கிறார். மகளை இந்தப் பக்கமே சேர்த்துவிட்டாராம். ஒரே பஸ், இறங்கி மாற வேண்டியதில்லை, அதனால்தான் என்கிறார். மலையாள எழுத்தை அடுத்த வீட்டுப் பெண் கற்றுக்கொடுக்கிறாளாம். நான் ஆறு வாரமாக எழுதித் தள்ளியதில் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார், பிழையில்லை.

ஒரிஜினல் கேட்டால் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வரச் சொல்லுங்கள், கொடுத்தேயாக வேண்டுமானால் ரசீது. எல்லாவற்றையும் இரண்டு நகல். நூலகப் புத்தகம் நனைந்தாலும் கிழிந்தாலும் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அபராதத்தோடு முடிந்துவிடும். அண்ணன் மகனுடைய உறை எங்கள் அலமாரியில் இருந்தால் எந்தக் கட்டு என்று நான் கண்டுபிடித்துவிடுவேன், சேர்ந்த வருடத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். புதிதாக வந்திருக்கும் குமாஸ்தா என்னிடம் வேலை கற்றவர். திங்கட்கிழமை நானும் வருகிறேன்.